56 ஏபிஓ முகவரிக்கு பார்சல்: என்ன வைப்பது, எப்படிக் கட்டுவது?

செப்டம்பர் 4, கேள்வி

வீட்டுக்காரர் மெட்ராஸ் ரெஜிமென்ட். போன மாதம்தான் லடாக் பக்கம் போனார்கள். எந்த இடம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தீபாவளிக்கு லீவு கிடையாதாம். முறுக்கு, அதிரசம், தேங்காய் எண்ணெய், புதிதாக ஒரு ஸ்வெட்டர், எல்லாம் சேர்த்து ஒரு பெட்டி அனுப்பலாம் என்றிருக்கிறேன். கூரியர் கடையில் 56 ஏபிஓ (ராணுவத் தபால் ஆபீஸ்) என்ற முகவரியைப் பார்த்துவிட்டு "இது எந்த ஊர்?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அனுப்பிப் பழகியவர்கள் சொல்லுங்கள் அக்கா, அண்ணா.

செப்டம்பர் 4, இரவு, பதில்

கூரியர் போகாதும்மா. ராணுவ முகவரிக்கு தபால் ஆபீஸ்தான் வழி. ஸ்பீட் போஸ்டில் போடு.

முகவரியில் அவருடைய நம்பர், ரேங்க், பெயர், கம்பெனி, யூனிட், 9-இல் தொடங்கும் பின்கோடு, கடைசியில் கேர் ஆஃப் 56 ஏபிஓ. அவ்வளவுதான். லடாக், லே என்று நீயாக எதையும் சேர்க்காதே. சேர்த்தால் சீக்கிரம் போகும் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். இடத்தின் பெயர் வெளியே தெரியக்கூடாது என்றுதான் இப்படி எண்ணாக வைத்திருக்கிறார்கள்.

ஸ்வெட்டரை எடுத்துவிடு. எண்ணெயையும். ஏன் என்று நாளைக்கு எழுதுகிறேன், அடுப்பில் வேலை இருக்கிறது.

செப்டம்பர் 5

நான் யார் என்று கேட்டிருந்தீர்கள். குடியாத்தம் பக்கம். வீட்டுக்காரர் ஹவில்தாராக ரிட்டயர் ஆனவர். இப்போது மூத்த மகன் ராணுவத்தில் இருக்கிறான், அவன் முகவரி 99 ஏபிஓ. கல்யாணமான வருஷத்திலிருந்து பார்சல் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஸ்வெட்டர் விஷயம். அந்த உயரத்துக்கு வேண்டிய உடுப்பை ராணுவமே கொடுக்கிறது. அதை மாட்டிக்கொண்டு இவர்கள் நிற்கும் குளிருக்கு நம் ஊர்க் கடை ஸ்வெட்டர் எந்த மூலைக்கு? ட்ரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கும், லீவுக்கு வரும்போது மடிப்பு கலையாமல் திரும்பி வரும். அதற்குப் பதிலாக உதட்டுக்குத் தடவும் தைலம், வாசலின், பனியன், கைக்குட்டை, காலுக்குப் போடும் பவுடர் வை. அங்கே காற்றில் ஈரமே கிடையாது. உதடு வெடித்துச் சோறு சாப்பிடவே எரியும் என்பார் இவர்.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறைந்துவிடும், மார்கழியில் நம் வீட்டிலேயே பார்த்திருப்பாய். போகிற வழியில் டெல்லி வெயிலில் உருகி, மூடி வழியாகக் கசிந்து, அதிரசத்தின் மேல் ஊற்றி, பிறகு மேலே போய் உறையும். திரவம் எதையும் வைக்காதே.

செப்டம்பர் 5, சாயங்காலம்

மேலே ஒரு தம்பி 56 ஏபிஓ என்பது காஷ்மீரில் ஒரு ஊர் என்று எழுதியிருக்கிறார். ஊரெல்லாம் இல்லை தம்பி. அந்த எண்ணுக்குப் போகும் தபால் முழுக்க முதலில் டெல்லியிலுள்ள ராணுவத் தபால் மையத்துக்குப் போகும். 99 என்றால் கொல்கத்தா. அங்கே யூனிட் வாரியாகப் பிரித்து, அந்தந்த யூனிட் எங்கே இருக்கிறதோ அந்தப் பக்கத்து ஃபீல்டு போஸ்ட் ஆபீசுக்கு அனுப்புவார்கள். யூனிட் இடம் மாறினாலும் நாம் எழுதும் முகவரி பெரும்பாலும் அப்படியே இருக்கும். நாம் இங்கே பெட்டியைப் போடும்போது இவர்கள் ஒரு கோடியில் இருப்பார்கள், பெட்டி போய்ச் சேரும்போது வேறு கோடியில் இருப்பார்கள், ஆனாலும் சேரும்.

தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும் பின்கோடு 6-இல் தொடங்குகிற மாதிரி ராணுவத்துக்கு 9. பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15-இல். அதே வருஷம் மார்ச் 1-இல்தான் ராணுவத் தபால் தனிப் படைப்பிரிவாக ஆனது. தபால் ஆபீஸ் கவுண்டரில் புதுப் பிள்ளைகள் இருந்தால் "ஊர் பேர் எழுதலையே" என்பார்கள். 9-ஐக் காட்டு, பெரியவர் யாராவது உள்ளிருந்து வந்து வாங்கிக்கொள்வார்.

செப்டம்பர் 6

இன்றைக்கு எழுத வந்ததே இதற்காகத்தான். எவ்வளவு அதிரசம் வைப்பது என்று கேட்டாய். அவர் எத்தனை சாப்பிடுவார் என்று கணக்குப் போடாதே. அவரோடு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேள்.

பார்சல் உன் வீட்டுக்காரர் பேரில்தான் போகும், ஆனால் அதைப் பிரிப்பது பாரக்கு (சிப்பாய்கள் தங்கும் கூடம்) முழுக்க. காலாட்படையில் ஒரு செக்ஷன் என்றால் 10 பேர். டாக் (தபால்) வந்திருக்கிறது என்று சத்தம் கேட்டதுமே கட்டிலைச் சுற்றி ஆள் கூடிவிடும். மெட்ராஸ் ரெஜிமென்டில் நம் பையன், மலையாளி, தெலுங்கு, கன்னடம் எல்லாம் ஒரே லைனில். மலையாளி வீட்டு நேந்திரங்காய் சிப்ஸ் வந்தால் நம்ம ஆளுக்குப் பங்கு. ஆந்திரா வீட்டு கோங்குரா ஊறுகாய் வந்தால் லங்கர் (ராணுவச் சமையல்கட்டு) சப்பாத்தி அன்றைக்கு இரண்டு கூடுதலாக இறங்கும். அப்படிச் சாப்பிட்டவன் தன் பார்சல் வரும்போது பெட்டியை ஒளித்து வைக்க முடியுமா? இவருடைய கம்பெனியில் ஒருவர் அப்படி ஒளித்தார். பெயரைச் சொல்ல மாட்டேன். ரிட்டயர் ஆகிற வரை அவரை எல்லாரும் "பேங்க் மேனேஜர்" என்றுதான் கூப்பிட்டார்களாம்.

கால் கிலோ முந்திரி அல்வா வைப்பதைவிட இரண்டு கிலோ கடலை உருண்டை வைப்பது மேல். விலை உயர்ந்தது கொஞ்சமாக வைத்தால் அவருக்குத்தான் தர்மசங்கடம்.

"உங்களுக்கு மட்டும்" என்று சீட்டு ஒட்டித் தனிப் பொட்டலம் வைப்பாய், தெரியும், நானும் புதுப்பெண்ணாக இருந்தவள்தான். அதைத்தான் முதலில் பிரிப்பார்கள். அவருக்கு மட்டும் என்றால் கடிதம் எழுது. அதைக் கேட்க மாட்டார்கள். கேட்டாலும் கொடுக்க மாட்டார்.

செப்டம்பர் 8

"இப்போது ராணுவச் சாப்பாடு நன்றாகத்தான் இருக்கிறது, கேன்டீன் இருக்கிறது, எதற்கு இந்தக் கூத்து" என்று ஒருவர். ஒத்துக்கொள்கிறேன். பட்டினிக்காக யாரும் பார்சல் அனுப்புவதில்லை.

ஆனால் உயரத்தின் சங்கதி வேறு. பின்னூட்டத்தில் சுபேதார் ஐயா எழுதியதைப் படியுங்கள், சியாச்சினில் இருந்தவர். 1984 ஏப்ரல் 13-இல் நம் படை அங்கே ஏறியதிலிருந்து இன்றுவரை இறங்கவில்லை. மைனஸ் 50 வரை போகும் இடம். ஆரஞ்சுப் பழம் கிரிக்கெட் பந்தாகிவிடும் என்கிறார். அந்த உயரத்தில் பசியே எடுக்காது. தட்டில் என்ன வைத்தாலும் வேண்டாம் என்றிருக்கும். அப்போது வாய்க்கு ஏதாவது சுருக்கென்று வேண்டும். காரம், புளிப்பு, இல்லாவிட்டால் இனிப்பு.

இன்னொன்று, லே உயரத்திலேயே தண்ணீர் 88 டிகிரிக்குப் பக்கத்தில் கொதித்துவிடுகிறது. மேலே போகப் போக இன்னும் குறையும். குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. ஆகவே வேகவைக்க வேண்டிய எதையும் அனுப்பாதே. அப்படியே சாப்பிடுவது, வெந்நீர் ஊற்றினால் ஆகிவிடுவது, இரண்டில் ஒன்றாக இருக்கட்டும்.

எங்கள் வீட்டில் போவது: பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, எள்ளுப் பொடி. தண்ணீர் விடாமல் சுண்டக் காய்ச்சிய புளிக்காய்ச்சல். உப்பு நார்த்தங்காய் (உயரத்தில் குமட்டலுக்கு இதைவிட மருந்து இல்லை என்பது இவர் கட்சி, டாக்டர் யாரும் சொன்னதல்ல). வறுத்துத் தாளித்த ரவை, கடுகு உளுந்து முந்திரி எல்லாம் போட்டு ஆறவைத்து. கொதிக்கும் நீர் ஊற்றி மூடி வைத்தால் உப்புமா. பாக்கெட் உப்புமாவெல்லாம் ராணுவத்துக்கே தெரியும், மைசூரில் 1961 முதல் இதற்கென்றே உணவு ஆராய்ச்சிக் கூடம் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதில் நம் வீட்டுப் பெருங்காயம் இருக்காது.

சுக்கு மல்லி காபித் தூள் மறந்துவிட்டேனே. அது கட்டாயம்.

செப்டம்பர் 8, இரவு

மத்தாப்பு பெட்டி ஒன்று வைக்கலாமா என்று கேட்டவருக்கு: கூடாது. பட்டாசு, தீப்பெட்டி, லைட்டர், சென்ட் ஸ்ப்ரே, பவர் பேங்க் எதுவும் தபாலில் போகக்கூடாது. சுபேதார் ஐயாவின் பதிலையும் இங்கே ஒட்டிவிடுகிறேன்: "அங்கே வெடிக்கா பஞ்சம்?"

செப்டம்பர் 11

கட்டும் முறை.

முறுக்கு, தட்டை எல்லாம் உடையும். எப்படிக் கட்டினாலும் உடையும். லாரி, விமானம், மறுபடி லாரி, கடைசியில் ஒருவர் முதுகு. உடைந்தாலும் பரவாயில்லாததாகச் செய், ரிப்பன் பக்கோடா, காராசேவு, ஓமப்பொடி. இல்லையென்றால் முறுக்கை வாயகன்ற டப்பாவில் அடுக்கி, இடுக்கெல்லாம் பொரியோ அவலோ நிரப்பு. டப்பா குலுங்கினால் சத்தம் வரக்கூடாது. பொரியும் வீணாகாது, அதில் கொஞ்சம் காரம் கலந்துவிட்டால் அதுவே தனிப் பலகாரம்.

அதிரசம் நன்றாகப் பயணம் செய்யும். ஆறிய பிறகு தாளில் எண்ணெய் ஒற்றி எடு. குளிரில் விறைக்கும், அவர்கள் குளிர்காய வைத்திருக்கும் புகாரி அடுப்பின் பக்கத்தில் வைத்துச் சூடாக்கிக்கொள்வார்கள். தேங்காய் சேர்த்த எதுவும் வேண்டாம், சிக்குவாடை அடித்துவிடும். பால் இனிப்பும் வேண்டாம். கோவில்பட்டி கடலை மிட்டாய் நம்பலாம்.

பொருள்விளங்காய் உருண்டையைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். மாசக்கணக்கில் கெடாது, உண்மைதான். என் மாமியார் பிடித்து அனுப்பியதை ஒரு முறை டென்ட் அடிக்கும் சுத்தியலால் உடைத்ததாக இவர் சொல்கிறார். இன்றுவரை மாமியாருக்குத் தெரியாது. சொல்லிவிடாதீர்கள்.

கடையில் வாங்கும் சிப்ஸ் பாக்கெட் வேண்டாம். உயரம் ஏற ஏற உள்ளே இருக்கும் காற்று உப்பி, பாக்கெட் பந்து மாதிரி ஆகும், சிலது வெடிக்கும். பொடிகளைப் போடும்போது கவரில் காற்றை நன்றாக அமுக்கி வெளியேற்றிவிட்டுக் கட்டு, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கவர்.

எல்லாம் அட்டைப் பெட்டியில், மேலே பிளாஸ்டிக் சுற்று, அதற்கு மேல் வெள்ளைத் துணி தைத்துவிடு. துணியில் முகவரியை மார்க்கர் பேனாவால் எழுது. பெட்டிக்குள்ளும் ஒரு தாளில் அதே முகவரி. வெளியே நனைந்து அழிந்தாலும் உள்ளே இருக்கும். எடை நாலைந்து கிலோவோடு நிறுத்திக்கொள். தபாலில் அதற்கு மேலும் வாங்குவார்கள்தான், ஆனால் கடைசி ஏற்றத்தில் அதைத் தூக்குவது மெஷின் அல்ல.

விபூதி வைக்கிறவர்கள் பொட்டலத்தின் மேல் விபூதி என்று இந்தியிலோ இங்கிலீஷிலோ எழுதுங்கள். பெயரில்லாத வெள்ளைப் பொடியைப் பார்த்தால் சோதனை செய்கிறவர் என்ன நினைப்பார்?

செப்டம்பர் 12

தங்கச்சி, நீ இங்கே போட்ட பெட்டி படத்தை உடனே நீக்கு. அவர் நம்பர், யூனிட், பின்கோடு எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. தையல் அழகாக இருக்கிறது, அதைப் பாராட்ட வேறு நேரம் இருக்கிறது. முதலில் நீக்கு.

செப்டம்பர் 12, கொஞ்ச நேரம் கழித்து

நீக்கிவிட்டாள். நன்றி. எல்லாருக்கும் சேர்த்தே சொல்கிறேன், குடும்ப வாட்ஸப் குரூப்பிலும் போடாதீர்கள். மச்சான் ஸ்டேட்டஸில் வைப்பான், அங்கிருந்து எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும். அவர் லீவு தேதி, எங்கிருந்து எங்கே போகிறார், எதுவும் வேண்டாம்.

செப்டம்பர் 19

ஐந்தே நாளில் சேர்ந்தது என்று ஒருவர், ஒரு மாதம் ஆனது என்று இன்னொருவர். இரண்டும் நடக்கும். டெல்லி வரை ஸ்பீட் போஸ்ட் நம்பரைப் போட்டுப் பார்க்கலாம். அதற்கப்புறம் எங்கள் பார்சலுக்கெல்லாம் ஒன்றும் காட்டியதில்லை. காணாமல் போய்விட்டது என்று பயப்படாதே. லே வரை விமானத்தில் போனாலும், அங்கிருந்து அவர்கள் நிற்கும் காவல் போஸ்ட் வரைக்கும் கான்வாய் (ராணுவ லாரி வரிசை) ஓட வேண்டும், வானிலை விட வேண்டும். பனிக்காலத்தில் சோஜி லா கணவாயில் ரோடு மூடும். அதனால்தான் ராணுவமே கோடையிலேயே குளிர்காலத்துக்கு வேண்டிய அரிசி பருப்பு மண்ணெண்ணெய் எல்லாம் மேலே ஏற்றி வைத்துவிடுகிறது. நாமும் அதே மாதிரிதான். தீபாவளிப் பெட்டி இந்த வாரத்துக்குள், பொங்கல் பெட்டி நவம்பர் தொடக்கத்தில்.

செப்டம்பர் 27

பழைய காலத்துக் கதை கேட்ட ஐயாவுக்கு. 1914 கிறிஸ்துமஸுக்கு இங்கிலாந்து ராஜா மகள் மேரி பேரில் போர்முனைக்கு ஒரு பித்தளைப் பெட்டி போனது. வெள்ளைக்காரச் சிப்பாய்க்குப் புகையிலையும் சிகரெட்டும். பிரான்சில் நின்ற நம் ஆட்களில் சீக்கியருக்குப் புகையிலை ஆகாது என்று கற்கண்டும் மசாலாவும் வைத்தார்களாம். அந்தப் பித்தளை டப்பாவெல்லாம் இப்போது ஏலத்துக்கு வருகிறது, அது வேறு கதை. ஆனால் யாரோ ஒருவர் உட்கார்ந்து, இந்தச் சிப்பாய்க்கு இது ஆகாது, அதற்குப் பதில் மசாலா வை என்று யோசித்திருக்கிறார் பார்த்தீர்களா, அது எனக்குப் பிடித்தது.

1962-இல் சீனச் சண்டையில் ஊரூராகப் பெண்கள் ஸ்வெட்டர் பின்னி அனுப்பினார்கள். அப்போது ஜவான்களிடம் குளிருடுப்பு போதவில்லை, பருத்தி உடுப்போடு மலையில் நின்றார்கள். ஸ்வெட்டர் எதற்கு என்று மேலே நான் எழுதியதைப் படித்துவிட்டு அன்றைக்கு அப்படிப் பின்னிய ஒரு பாட்டியின் வீட்டார் கோபப்பட்டிருக்கிறார்கள். பாட்டி பின்னியது சரி, அன்றைக்கு அதுதான் வேண்டும். இன்றைக்கு வேறு.

அக்டோபர் 3

பள்ளிக்கூட டீச்சர் ஒருவர், பிள்ளைகளிடம் தீபாவளி இனிப்பு சேர்த்து "யாராவது ஒரு ஜவானுக்கு" அனுப்பலாமா என்கிறார். நல்ல மனசுதான். ஆனால் பெயரில்லாத உணவுப் பெட்டியை யார் வாங்கிப் பிரிப்பார்கள்? பிள்ளைகள் படம் வரைந்து, கடிதம் எழுதட்டும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். டிசம்பர் 7 கொடி நாள், 1949-லிருந்து நடக்கிறது, அதற்குப் பணம் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் உருப்படி.

பிள்ளைகள் கடிதத்தைப் பற்றி இவர் சொன்னது: "அங்கிள், அங்கே புலி இருக்குமா?" என்று ஒரு கடிதம் வந்ததாம். அதற்குப் பதில் எழுத ஆறு பேர் உட்கார்ந்து சண்டை போட்டிருக்கிறார்கள்.

அக்டோபர் 5

நியூஜெர்சியிலிருந்து ஒரு அக்கா எழுதியிருக்கிறார், மகன் அமெரிக்க ராணுவம். அங்கேயும் ஏபிஓ என்றுதான் சொல்கிறார்கள். எடை எவ்வளவானாலும் ஒரே கட்டணம் என்று தபால் ஆபீசிலேயே பெட்டி கொடுக்கிறார்களாம், உள்ளே என்ன இருக்கிறது என்று சுங்கத் தாள் நிரப்ப வேண்டும். வளைகுடாப் பக்கம் போகும் பெட்டியில் பன்றி இறைச்சியும் மதுவும் கூடாது. முன்பு அங்கேயும் பெயரில்லாமல் "எந்தச் சிப்பாய்க்காவது" என்று அனுப்பலாமாம், 2001-இல் ஆந்த்ராக்ஸ் கடிதங்கள் வந்ததும் நிறுத்திவிட்டார்கள். டீச்சருக்கு நான் சொன்னதற்கு இது சாட்சி. அந்தப் பையனுக்கு அவர் அனுப்புவது என்ன என்று கேட்டேன். இட்லிப் பொடியாம். டெக்சாஸ் பையன்கள் அதை முட்டையின் மேல் தூவிச் சாப்பிடுகிறார்களாம். சாப்பிடட்டும்.

அக்டோபர் 14

சில நாளாக யோசித்துக்கொண்டிருந்தது. வீட்டு ருசி கிடைத்தால் இன்னும் ஏக்கம்தான் கூடும், அனுப்பாமல் இருப்பதே நல்லது என்று ஒருவர் எழுதியிருந்தார். சும்மா சொல்கிறார் என்று அன்றைக்குத் தள்ளிவிட்டேன். பெரியவனிடம் போனில் கேட்டேன். "முதல் வருஷம் அப்படித்தான் இருந்தது, பெட்டியைத் திறந்ததும் வாசனைக்கே கண் கலங்கும். இப்போது பெட்டி வந்தால் வேலை வந்துவிடும், பங்கு பிரிக்கணும், யாருக்குக் குறைந்தது என்று பஞ்சாயத்து, அதில் ஏக்கத்துக்கு எங்கே நேரம்" என்றான். புதிதாகப் போனவர்களுக்கு முதல் மாதமே பெரிய பெட்டி வேண்டாமோ என்று இப்போது தோன்றுகிறது. தங்கச்சி அனுப்பியாகிவிட்டது, அதனால் அவளுக்கு இல்லை. அடுத்து வருகிறவர்களுக்கு.

இவர் காலத்தில் போன் கிடையாது, கடிதம்தான். பெட்டியில் என்ன வைத்தேன் என்பதைவிட எதில் சுற்றினேன் என்பதை அதிகம் பார்ப்பாராம். தினத்தந்தியில் சுற்றினால் அதைப் பிரித்து நீவி, விளம்பரம் உட்பட படிப்பார்கள். இன்றைக்கு வீடியோ காலில் முகம் தெரிகிறது, ஆனால் சிக்னல் இல்லாத போஸ்ட் இன்னும் இருக்கிறது. அதனால் இரண்டு வாரப் பத்திரிகையைப் பெட்டியின் அடியில் பரப்பிவிடு. குலுங்காமலும் இருக்கும்.

அக்டோபர் 29

தங்கச்சியின் பெட்டி சேர்ந்துவிட்டது. தீபாவளிக்கு முன்பே! ரிப்பன் பக்கோடா ஒன்றுகூட முழுசாக இல்லையாம், ஸ்பூன் போட்டுச் சாப்பிட்டார்களாம். நார்த்தங்காய் ஒரு கன்னடக்காரரிடம் போய்விட்டதாம், திரும்பி வராது. சுக்கு காபித் தூளை சாப் (மேலதிகாரி) ஒருவர் கேட்டு வாங்கிக்கொண்டாராம்.

நவம்பர் 2

பொங்கல் பெட்டிக்கு முன்னால் இன்னொரு வழியும் சொல்லிவிடுகிறேன். அவருடைய கம்பெனியில் நம் பக்கத்து ஆள் யாராவது லீவில் வந்திருக்கிறாரா என்று கேள். வேலூர் பக்கம் கம்மவான்பேட்டை மாதிரி ஊர்களில் எப்போதும் யாராவது வருவார், யாராவது போவார். திரும்புகிறவரிடம் கொடுத்துவிட்டால் அதைவிட நல்ல தபால் கிடையாது, ஊறுகாய் கூடக் கொடுக்கலாம். ஆனால் அவர் ஜம்மு வரை ரயிலில் இரண்டு மூன்று நாள் உட்கார்ந்து போகிறவர், அவர் வீட்டுச் சாமானே ஒரு மூட்டை இருக்கும். ஒரு கிலோவுக்கு மேல் கேட்காதே. அவருக்கு வழிக்குப் புளிச்சோறும் கட்டிக் கொடு.

நவம்பர் 3

புளிக்காய்ச்சல் அளவு கேட்டு ஏழெட்டுப் பேர் எழுதியிருக்கிறீர்கள். கால் கிலோ புளிக்கு நல்லெண்ணெய் 200 மில்லி, வற்றல் மிளகாய் இருபது, உப்பு வழக்கத்தைவிட ஒரு கை கூட. எண்ணெய் பிரிந்து மேலே வந்த பிறகும் கால் மணி நேரம் அடுப்பிலேயே விடுங்கள், ஈரம் துளி இருந்தாலும் பூஞ்சை பிடிக்கும். முழுக்க ஆறிய பிறகுதான் டப்பாவில். வெல்லம் போடலாமா என்று கேட்காதீர்கள், அதில் எங்கள் வீட்டிலேயே இரண்டு கட்சி.